தறிச் சத்தத்துக்குள்ளே டி.வி. பார்ப்பது எப்படி?

பள்ளிபாளையம், குமாரபாளையம், எலம்பிள்ளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியை விளக்கவே வேண்டாம். முன்கட்டில் வீடு, பின்கட்டில் விசைத்தறி. நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடிபடும் சத்தம் விடிகாலையில் தொடங்கினால் கரண்டு போனால்தான் ஓயும். அந்தச் சத்தத்தில் டி.வி. வால்யூமை ஏற்றிப் பிரயோஜனமில்லை. தறி ஒரு பக்கம் கத்தும், டி.வி. ஒரு பக்கம் கத்தும். நடுவில், "ஏங்கண்ணு, காது செவிடாப் போகோணுமா?" என்று ஆயா சத்தம் போடுவார்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் வேறொன்று செய்வார்கள். ரிமோட்டை எடுத்து சப்டைட்டிலை ஆன் செய்துவிடுவார்கள். படத்துக்குக் கீழே பேச்சு எழுத்தாக ஓடும். அப்போது ஒரு வேடிக்கை நடக்கும், கவனித்திருக்கிறீர்களா? தறிச் சத்தம் துளியும் குறையவில்லை. ஆனாலும் பேச்சு முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிற மாதிரி இருக்கும். படித்ததால் கதை புரிகிறது என்பது வேறு. நான் அதைச் சொல்லவில்லை. காதுக்கே கேட்கிறது! இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் வெறும் இரைச்சலாக இருந்த அதே குரல் இப்போது சொல் சொல்லாகப் பிரிந்து விழுகிறது. பிரமையா? இல்லை கண்ணுகளா, மண்டைக்குள் நிஜமாகவே நடக்கிற வேலை அது.

தறிக்காரர்களுக்கு இதில் பாதி ரகசியம் ஏற்கெனவே தெரியும். பட்டறைக்குள் யாரும் காதை மட்டும் நம்பிப் பேசுவதில்லை. வாயைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் லங்காஷயர் என்ற பகுதியில் ஒரு காலத்தில் பெரிய பெரிய பருத்தி நெசவாலைகள் ஓடின. அங்கே வேலை செய்த பெண்கள் உதட்டை அகல அகல அசைத்து, தறிக்கு மேலே ஊர்க்கதை முழுக்கப் பேசி முடிப்பார்களாம். 'மீ-மாவிங்' என்று அதற்கு ஒரு பெயரே உண்டு.

உதட்டைப் பார்ப்பது காதுக்கு எவ்வளவு தூரம் உதவும்? உதவுவது மட்டுமல்ல, காதை ஏமாற்றவும் அதற்குத் தெரியும். 1976இல் ஹாரி மக்கர்க், ஜான் மக்டொனால்ட் என்ற இருவர் பிரிட்டனில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒருவர் 'கா, கா' என்று வாயசைக்கிற படம். அதன்மேல் ஒட்டியிருந்த ஒலியோ 'பா, பா'. பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்டது இரண்டுமில்லை, 'டா, டா'! கண்ணை மூடினால் 'பா', திறந்தால் 'டா'. தந்திரம் இன்னதென்று தெரிந்த பிறகும் அப்படியேதான் கேட்கிறது. 'மக்கர்க் விளைவு' என்று யூடியூப்பில் தேடினால் நீங்களே ஏமாந்து பார்க்கலாம்.

காது ஒரு மைக் மாதிரிதான். அது அனுப்புகிற ஒலியை வைத்து, 'இவர் இன்ன சொல்லைச் சொன்னார்' என்று முடிவு கட்டுவது மூளை. அந்த முடிவுக்கு வர மூளை கண்ணையும் கேட்கும், நினைவையும் கேட்கும். யார் சாட்சி சொன்னாலும் எடுத்துக்கொள்ளும்.

சேலம் புதுப் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். "மல்லூர்ராசிபுரம்ஆண்டகளூர்கேட்டுபுதுச்சத்திரம்நாமக்கல்" என்று ஒரே மூச்சில் ஒரு குரல் வரும். உங்களுக்கு அது ஐந்து ஊர். டெல்லியிலிருந்து முதன்முறையாக வந்திறங்கியவருக்கு? ஒரே இழுவை. எங்கே ஓர் ஊர் முடிந்து எங்கே அடுத்த ஊர் தொடங்குகிறது என்று அவருக்குப் பிடிபடவே பிடிபடாது. கண்டக்டர் இடைவெளி விடவில்லை. ஊர்ப்பெயர்கள் உங்களுக்கு முன்பே தெரியும் என்பதால் இடைவெளியை உங்கள் மூளை போட்டுக்கொண்டது.

கண்டக்டர் வேகமாகப் பேசுகிறார், அதனால்தான் என்று நினைக்காதீர்கள். நாம் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். நம்பிக்கை இல்லையென்றால் இப்போதே செய்து பார்க்கலாம். வீட்டுப் போனில் குரல் பதிவு செய்யும் ஆப்பைத் திறங்கள். பேசும்போது திரையில் மேலும் கீழுமாகக் கோடுகள் எழும்பும், தெரியுமல்லவா? அதில் "அப்பா எங்கே" என்று சாதாரணமாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு கோடுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். 'அப்பா'வுக்கும் 'எங்கே'வுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும் என்றுதானே நினைப்போம்? அங்கே கோடுகள் அறுபடாமல் போகும். இடைவெளி இருப்பது 'அப்பா'வுக்கு உள்ளே! 'ப்ப' என்று சொல்ல உதடு இரண்டும் மூடிக்கொள்கிற அந்தக் கணத்தில் சத்தமே வெளியே வராது. ஆக, சொல்லுக்கு நடுவில் மௌனம், சொற்களுக்கு இடையில் மௌனம் இல்லை. இப்படித் தலைகீழாக வருகிற ஒலியைத்தான் மூளை ஒவ்வொரு நொடியும் சரியாக வெட்டிப் பிரித்துக்கொண்டிருக்கிறது.

எழுத்தில் இந்தத் தொல்லை கிடையாது. சொல்லுக்குச் சொல் இடம் விட்டுத்தான் எழுதுகிறோம். சப்டைட்டில் செய்கிற முதல் உதவி இதுதான்: எங்கே வெட்ட வேண்டும் என்று காதுக்குக் காட்டிக்கொடுக்கிறது.

இரண்டாவது உதவி இன்னும் சுவாரசியமானது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாட் டேவிஸும் அவருடைய கூட்டாளிகளும் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பேச்சைக் கணினியில் போட்டு வேண்டுமென்றே கெடுத்தார்கள். கேட்டால் கரகரவென்று இருக்கும், ஒரு சொல்கூடப் பிடிபடாது. அந்த வாக்கியம் என்ன என்று தெரிவித்துவிட்டு மறுபடி அதே ஒலியைப் போட்டால், கரகரப்புக்குள்ளிருந்து வாக்கியம் சட்டென்று எழுந்து வரும். அதற்குப் பிறகு அதைப் பழையபடி இரைச்சலாகக் கேட்க முயன்றாலும் முடியாது. இதோடு நின்றால் வெறும் வித்தை. ஆனால் இப்படிப் பதில் தெரிந்துகொண்டு சில வாக்கியங்களைக் கேட்டவர்கள், பிறகு பதில் தெரியாத புது வாக்கியங்களையும் முன்னைவிட நன்றாகப் பிடித்தார்கள். அதாவது காது பழகிவிட்டது. விடையைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டால் கணக்கு வராது என்பார்கள் உங்கள் சார். காது விஷயத்தில் அது செல்லாது. இங்கே விடையைப் பார்ப்பதுதான் பயிற்சி.

இனி ஒரு முக்கியமான கேள்வி. எந்த மொழியில் சப்டைட்டில் வைப்பது?

இங்கிலீஷ் படம் பார்க்கிறீர்கள். கீழே தமிழ் எழுத்து ஓடினால் கதை சுகமாகப் புரியும். இங்கிலீஷ் எழுத்து ஓடினால் கொஞ்சம் திணற வேண்டியிருக்கும். எது காதுக்கு நல்லது? நெதர்லாந்தில் நைமேகன் என்ற ஊரில் மொழியையும் மூளையையும் ஆராயும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் ஒன்று இருக்கிறது. அங்கே ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மக்வீன் என்ற இருவர் இதைச் சோதித்து 2009இல் எழுதினார்கள். நெதர்லாந்து மாணவர்களுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். ஆனால் ஸ்காட்லாந்துக்காரர் பேசும் இங்கிலீஷும் ஆஸ்திரேலியர் பேசும் இங்கிலீஷும் அவர்களுக்குப் பழக்கமில்லை. நம்மூர்ப் பிள்ளைக்கு யாழ்ப்பாணத் தமிழ் முதல் தடவை கேட்கும்போது இருக்கிற நிலைமை. ஒரு கூட்டத்துக்கு இங்கிலீஷ் எழுத்தோடு படம் காட்டினார்கள். இன்னொரு கூட்டத்துக்கு டச்சு எழுத்தோடு, அதாவது அவர்களுடைய தாய்மொழி எழுத்தோடு காட்டினார்கள். மூன்றாம் கூட்டத்துக்கு எழுத்தே இல்லை. பிறகு அதே நடிகர்கள் பேசிய துண்டுகளைப் போட்டு, "கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்" என்றார்கள்.

இங்கிலீஷ் எழுத்தோடு பார்த்தவர்கள் முதலில் வந்தார்கள். எழுத்து இல்லாமல் பார்த்தவர்கள் அடுத்து. டச்சு எழுத்தோடு பார்த்தவர்களோ, படத்தில் கேட்காத புதுத் துண்டுகளில், எழுத்தே பார்க்காதவர்களைவிடவும் பின்தங்கிவிட்டார்கள்! தாய்மொழி எழுத்து கதையைக் கையில் கொடுத்துவிட்டது, காதைக் கெடுத்துவிட்டது. ஏனென்றால் கண் படிக்கிற சொல்லும் காதில் விழும் ஒலியும் அங்கே ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பொருந்தினால்தானே, 'ஓ, இந்த ஆள் இந்த எழுத்தை இப்படித்தான் உச்சரிக்கிறார் போல' என்று மூளை கணக்கு வைத்துக்கொள்ள முடியும்?

அதற்காகத் தமிழ் சப்டைட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு வார்த்தைகூடத் தெரியாத மொழியில், கொரியனோ ஜப்பானியமோ, கதை பார்க்க அதுதான் வழி. ஆனால் காது பழக வேண்டும் என்று உட்கார்ந்தால், பேசுகிற மொழியும் ஓடுகிற எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். நாமக்கல் லாரிக்காரர்கள் இந்தி கற்றுக்கொண்டது சப்டைட்டிலைப் பார்த்தா என்று கேட்பீர்கள். இல்லைதான். தாபாவிலும் டோல்கேட்டிலும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அங்கேயும் நடந்தது இதேதான். "ரோட்டி" என்ற ஒலி காதில் விழுகிற நேரத்தில் ரொட்டியும் தட்டில் விழுந்தது.

இதுவரை பேசியது, எழுத்து தெரிந்த கண் காதுக்குச் சொல்லிக்கொடுப்பது. தெரு இரண்டு பக்கமும் போகும். எழுத்து சரியாக வராத கண்ணுக்குக் காது சொல்லிக்கொடுக்கும். இந்த வேலை நம் சேலத்தில் ரொம்பக் காலத்துக்கு முன்பே நடந்திருக்கிறது.

ஏற்காடு சாலையில் போகும்போது ஒரு பழைய வளைவு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் வாசல் அது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கேயிருந்து வந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் வந்ததும், தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வந்ததும் இந்த ஸ்டுடியோவிலிருந்துதான். அந்தக் காலத்தில் படம் பார்க்கப் போனால் கொட்டகையில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். சல்லிசான காகிதம், சில பக்கங்கள், அட்டையில் கதாநாயகன் படம். முதலில் கதைச் சுருக்கம் இருக்கும். சரியான இடத்தில் நிறுத்தி, மீதியைத் திரையில் பாருங்கள் என்று முடித்துவிடுவார்கள். (இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. படம் பார்க்க வந்தவரிடம்தானே புத்தகத்தையே விற்கிறார்கள்?) அதன் பிறகு எல்லாப் பாட்டும் வரிக்கு வரி.

வீட்டுக்குப் போய், ரேடியோவில் அந்தப் பாட்டு வரும்போது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விரலை ஓட்டுவார்கள். பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். அடுத்து என்ன சொல் வரும் என்று காதுக்குத் தெரியும். அந்தச் சொல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கண் பார்த்துக்கொள்ளும். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்களுக்கு மறக்கவிருந்த எழுத்து கையைவிட்டுப் போகாமல் இருக்க இந்தச் சின்னப் புத்தகம் எத்தனையோ செய்திருக்கும். யாரும் இதைக் கணக்கெடுத்து வைக்கவில்லை, அதுதான் வருத்தம்.

கணக்கெடுத்தவர் ஒருவர் பிறகு வந்தார். பிரிஜ் கோத்தாரி என்று பெயர். 1996 வாக்கில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். நண்பர்களோடு ஸ்பானிஷ் படம் ஒன்று பார்த்தார். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருந்த அவருக்கு, இங்கிலீஷுக்குப் பதில் ஸ்பானிஷிலேயே எழுத்து ஓடினால் நன்றாயிருக்குமே என்று தோன்றியது. அந்தப் பேச்சோடு பேச்சாக, இந்திப் பாட்டுக்கு இந்தி எழுத்தையே போட்டால் இந்தியாவில் எல்லோரும் படிக்கக் கற்றுக்கொண்டுவிடுவார்கள் என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தார். விளையாட்டு அவரை விடவில்லை. அகமதாபாத்தில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, அதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். 1999இல் குஜராத் தூர்தர்ஷனில் திரைப்பாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்குக் கீழே குஜராத்தி எழுத்து ஓடத் தொடங்கியது. 2002இல் நாடு முழுக்கத் தெரியும் 'சித்ரஹார்' நிகழ்ச்சியிலும் வந்தது. பிறகு தமிழ் உட்படப் பல மொழிகளுக்கும் போனது.

அந்த எழுத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. பாடகர் எந்தச் சொல்லைப் பாடுகிறாரோ அந்தச் சொல் மட்டும் அந்த நேரத்தில் நிறம் மாறும். கண் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு விரல் தொட்டுக் காட்டுகிற வேலை அது. தொடர்ந்து சில ஆண்டுகள் இப்படிப் பார்த்த பிள்ளைகளின் வாசிப்பு, பார்க்காதவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தது என்று ஆய்வுகள் காட்டின. வாரத்துக்கு அரை மணி நேரம் பாட்டுக் கேட்டதற்கு இது பெரிய லாபம். டியூஷனுக்குப் போகச் சொன்னால் அழுகிற பிள்ளைகூடப் பாட்டுக் கேட்க அழாதே!

ஏன் பாட்டு? வசனம் ஓடினால் ஆகாதா? ஆகும், ஆனால் பாட்டு மெதுவாகப் போகும், பல்லவி திரும்பத் திரும்ப வரும். இன்னொன்றும் இருக்கிறது. தமிழில் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. படத்தில் ஒருவர் "வந்துட்டனுங்க" என்பார். கீழே "வந்துவிட்டேன்" என்று ஓடும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு இது குழப்பம். பாட்டிலோ பெரும்பாலும் பாடுவதும் எழுதுவதும் ஒன்றாகவே இருக்கும். என்னைக் கேட்டால், சப்டைட்டில் போடுகிறவர்கள் ஆள் எப்படிப் பேசுகிறாரோ அப்படியே எழுத வேண்டும் என்பேன். "வந்துட்டனுங்க" என்று எழுதினால் தமிழ் ஒன்றும் குறைந்துவிடாது.

'பாட்டு ஓடும்போது எவர் எழுத்தைப் பார்ப்பார்? ஆட்டத்தைத்தானே பார்ப்பார்கள்' என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம்தான். பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரி டிடெவால் என்பவரும் குழுவினரும் கண் எங்கே நகர்கிறது என்று பதிவு செய்யும் கருவியை வைத்துப் படம் பார்ப்பவர்களிடம் இதை முன்பே சோதித்திருந்தார்கள். 1991இல் வந்த அவர்கள் ஆய்வின்படி, பேச்சு முழுக்கப் புரிகிறவர்களும், சப்டைட்டில் பழக்கமே இல்லாதவர்களும்கூட, எழுத்து தோன்றியதும் அதன் பக்கம் கண்ணைத் திருப்புகிறார்கள். படிக்கத் தெரிந்த கண்ணால் படிக்காமல் இருக்க முடியாது.

இதையும் நீங்கள் சோதிக்கலாம், ஸ்கெட்ச் பேனா போதும். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை நிறத்தில் எழுதுங்கள். 'நீலம்' என்பதைச் சிவப்பில் எழுதுங்கள். இப்படி இருபது சொற்கள். இப்போது சொல்லைப் படிக்காமல், எந்த நிறத்தில் எழுதியிருக்கிறது என்று மட்டும் வேகமாகச் சொல்ல வேண்டும். நாக்கு தடுமாறும்! 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்கர் செய்து காட்டிய சோதனை இது. இன்னும் எழுத்தே படிக்கத் தெரியாத உங்கள் தம்பியிடம் அதே தாளைக் கொடுங்கள். கடகடவென்று சொல்லிவிட்டுப் போவான். அவனுக்கு அது வெறும் கோலம்.

சரி, ஞாபகத்துக்கு வருவோம். காதில் விழுந்த பேச்சு மனசில் அப்படியே நிற்பது ஒன்றிரண்டு நொடிதான். போன் நம்பரை ஒருவர் சொன்னதும் நாம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பேனா தேடுகிறோமே, அது ஏன்? முணுமுணுப்பதை நிறுத்தினால் ஒலி அழிந்துவிடும். ஆலன் பாட்லி, கிரகாம் ஹிட்ச் என்ற இரு ஆங்கிலேயர்கள் 1974இல் இந்தக் குறுகிய கால நினைவைப் பற்றி விளக்கம் ஒன்று சொன்னார்கள். ஒலிக்கென்று ஒரு சின்ன இடம், பார்ப்பதற்கென்று வேறொரு சின்ன இடம், இரண்டும் தனித்தனி என்றார்கள். சப்டைட்டில் ஓடும்போது ஒரே செய்தி இரண்டு வழியாகவும் உள்ளே போகிறது. ஒலி கடந்து போன பிறகும் எழுத்து சில நொடி திரையில் நிற்கும். தவறவிட்டதைக் கண் எடுத்துக்கொடுக்கும்.

அதனால் சப்டைட்டில் வைத்துப் பாடம் பார்த்தால் எல்லாம் மறக்காமல் நிற்கும் என்று துள்ளாதீர்கள். ஒரு சிக்கல் இருக்கிறது. எழுத்து கண்ணெதிரே இருக்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கும். அணைத்துவிட்டுக் கேட்டால்தான் வண்டவாளம் தெரியும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக்கே இருவரும் 2006இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம். ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிஷம் கழித்துத் தேர்வு வைத்தால் முதல் கூட்டம் ஜெயித்தது. ஒரு வாரம் கழித்து வைத்தால் இரண்டாம் கூட்டம் ஜெயித்தது. பரீட்சைக்கு முந்தின இரவு மட்டும் படிக்கிற அண்ணன்மார்களுக்கு இந்தப் பத்தியைக் காட்டாதீர்கள்.

ஆகவே எழுத்தை ஆன் செய்வது மட்டும் போதாது, எப்போது ஆஃப் செய்வது என்றும் தெரிய வேண்டும். நான் சொல்கிற முறை இது. இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகாத வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலைப் பறவைகளோ, கோழிமுட்டைக்குள் குஞ்சு வளர்வதோ, உங்களுக்குப் பிடித்த எதுவும் ஆகலாம். முதலில் எழுத்தில்லாமல் ஒரு தடவை கேளுங்கள், புரியாவிட்டால் பரவாயில்லை. எங்கே பிடிபடவில்லை என்று தெரிந்தால் போதும். அடுத்து அதே மொழி எழுத்தோடு. மூன்றாவது தடவை மறுபடி எழுத்தை அணைத்துவிட்டு. பிடிபடாத இடம் இப்போது தானாகத் திறந்திருக்கும். முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கேட்டதைத் தங்கச்சிக்கோ அப்புச்சிக்கோ சொல்லுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பாதிதான். பள்ளியில் ஹைடெக் லேப் இருந்தால் டீச்சரிடம் கேட்டு, வகுப்பை இரண்டாகப் பிரித்து இதையே போட்டியாக நடத்தலாம்.

எந்த எழுத்தை நம்புவது என்பதிலும் கவனம் வேண்டும். யூடியூப்பில் ஆள் யாரும் உட்கார்ந்து எழுதாமல் தானாகவே எழுத்து ஓடுகிறதே, அது 2009இல் வந்தது. அதற்குப் பாடுபட்ட பொறியாளர் கென் ஹாரன்ஸ்டீன் காது கேளாதவர். கணினி ஏராளமான பேச்சுப் பதிவுகளைக் கேட்டுப் பழகி, 'இந்த ஒலி பெரும்பாலும் இந்தச் சொல்லாக இருக்கும்' என்று ஊகிக்கிறது. அது பழகிய பேச்சைப் பேசினால் நன்றாக எழுதும். நம்மூர்ப் பேச்சில் "போயிட்டு வரனுங்" என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், என்னென்னவோ எழுதும். சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றால், கற்றுக்கொள்கிற காதுக்கு அது ஆபத்து. 'டா, டா' சோதனையைப் படித்தீர்களே, கண் தப்பாகச் சொன்னால் காதும் தப்பாகவே கேட்கும். தெரியாத மொழியில் தானாக ஓடும் எழுத்தைவிட, ஆள் எழுதிய எழுத்து இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவு நேரம் நம் காதைப் பற்றியே பேசிவிட்டோம். டி.வி.யில் பேசுகிற மொழியிலேயே ஓடும் இந்த எழுத்து முதலில் யாருக்காக வந்தது தெரியுமா? காது கேளாதவர்களுக்காக. 1972இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று, ஜூலியா சைல்ட் என்பவரின் சமையல் நிகழ்ச்சிக்கு எழுத்துப் போட்டு ஒளிபரப்பியது. வேண்டுமென்றால் வரவழைத்து, வேண்டாமென்றால் மறைத்துவைக்கும் எழுத்து 1980இல் அங்கே வந்தது. அதைப் பார்க்கத் தனியாக ஒரு பெட்டி வாங்கி டி.வி.யோடு மாட்ட வேண்டும். நம் நாட்டிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதன்பிறகு தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு எழுத்தோ சைகை மொழியோ சேர்க்க வேண்டும் என்று 2019இல் விதிமுறை போட்டார்கள். ஆனாலும் தமிழ் சேனல்களில் தமிழ் எழுத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் வகுப்பில் காது கேட்காத தோழனோ தோழியோ இருந்தால், வீடியோ போடும்போது "சப்டைட்டில் போடுங்க டீச்சர்" என்று முதலில் சொல்கிற ஆள் நீங்களாக இருங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. இதற்கு இணையம் வேண்டாம், ஓர் ஆயா வேண்டும். எழுத்துக்கூட்டத் தடுமாறுகிற, ஆனால் பழைய பாட்டுகள் மனப்பாடமாகத் தெரிந்த ஆயா. அவருக்கு ரொம்பப் பிடித்த ஒரு பாட்டைக் கேட்டு வாங்குங்கள். அதை ஒரு சார்ட்டில் பெரிய பெரிய எழுத்தாக எழுதுங்கள். பாட்டைப் போட்டுவிட்டு, பாடகர் சொல்கிற நேரத்துக்குச் சரியாக ஒவ்வொரு சொல்லையும் குச்சியால் தொட்டுக்கொண்டே போங்கள். நீங்கள்தான் இப்போது சப்டைட்டில்! நாலைந்து நாள் இப்படிச் செய்த பிறகு, ஒரே வரியின் சொற்களைத் தனித்தனிச் சீட்டாக வெட்டிக் கலைத்துப் போட்டு, "இதை வரிசையா வெச்சுக் குடுங்க ஆயா" என்று கேளுங்கள். எந்தச் சீட்டை முதலில் எடுத்தார், எதில் தயங்கினார் என்று நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு யோசனை: பல்லவியிலிருந்தே தொடங்குங்கள். பாட்டு முடிவதற்குள் நாலைந்து தடவை திரும்பி வருவது அதுதான்.